கறுப்பு வெள்ளை அரக்கர்களும் அவர்களுக்கு நிறம் கொடுத்தவர்களும்

1950களில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த குறைந்த செலவு அரக்கப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. 1954இல் வெளியான ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ படமும் அப்படித்தான். ஆனாலும் அதில் வரும் செவுள் மனிதன் ரசிகர் மனத்தில் பச்சையாகவே நிற்கிறான். அந்தப் பச்சையை நிலைக்கச் செய்தவர்கள் ஓவியர்கள்.

அந்த ஓவியர்களில் மூத்த பாணி சுவரொட்டிக்காரர்களுடையது. இந்தப் படத்துக்குச் சுவரொட்டி தீட்டிய ரெனால்ட் பிரவுன், மனித உடலை வரைவதில் கைதேர்ந்தவர். 1958இல் வந்த ‘அட்டாக் ஆஃப் தி 50 ஃபுட் உமன்’ சுவரொட்டியில் நெடுஞ்சாலைமேல் கால் அகட்டி நிற்கும் ராட்சசப் பெண்ணும் அவர் தீட்டியவள்தான். படத்தில் அந்தக் காட்சியே கிடையாது. அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனமோ தலைப்பையும் ஆல்பர்ட் காலிஸின் சுவரொட்டியையும் முதலில் தயாரித்து, கதையைப் பிறகு எழுதச் சொல்லிவந்தது. தெருவில் போகிறவரை நிறுத்துவதே இந்தப் பாணியின் அளவுகோல். அதில் இவர்கள் தோற்றதில்லை.

ஆழம் கூடியது பேசில் கோகோஸின் பாணி. 1958இல் தொடங்கிய ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ இதழுக்கு 1960 முதல் அட்டைப்படம் தீட்டியவர் அவர். கையில் இருந்தது கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மட்டுமே. அரக்கனின் தோல் என்ன நிறம் என்று அவர் தேடவில்லை; அவன்மேல் விழும் வெளிச்சம் என்ன நிறம் என்று தீர்மானித்தார். ஒரு கன்னத்தில் சிவப்பு விளக்கு, மறு கன்னத்தில் பச்சை, கண்குழியில் ஊதா. இத்தனை துணிச்சலிலும் முகம் சிதையாமல் நிற்கக் காரணம் உண்டு. புகைப்படத்தின் வெளிச்சமும் இருட்டும் எந்த அளவில் இருந்தனவோ அதே அளவை வண்ணத்திலும் காத்தார். இருட்டின் அளவு சரியாக இருந்தால் எந்த நிறமும் பொருந்தும். அரக்கனுக்கு வண்ணம் தீட்டுபவர் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

அரோரா நிறுவனத்தின் பிளாஸ்டிக் அரக்கப் பொம்மைப் பெட்டிகளுக்கு ஜேம்ஸ் பாமா தீட்டியவை இன்னொரு வகை. பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்தே சிறுவர்கள் உள்ளிருந்த பொம்மைக்கு வண்ணம் பூசினார்கள். தூரிகை பிடிக்க ஒரு தலைமுறைக்கு அதுவே முதல் பாடம்.

எல்லா வண்ணத்துக்கும் அடியில் ஒரு கோட்டோவியம் இருக்கிறது. செவுள் மனிதனை வடிவமைத்தவர், டிஸ்னியில் பணியாற்றிவிட்டு படத்தைத் தயாரித்த யுனிவர்சலின் ஒப்பனைத் துறைக்கு வந்த மிலிசென்ட் பேட்ரிக். மீனின் உதடு, கழுத்தோரம் அடுக்கடுக்காகச் செவுள், மனிதத் தசையின் போக்கிலேயே இறங்கும் செதில்கள் என்று, நீரில் உண்மையிலேயே வாழக்கூடிய உயிராக அது அமைந்தது. படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோரின் பெயரே இருந்தது. படத்தின் விளம்பரப் பயணத்தில் பேட்ரிக்குக்குப் புகழ் சேர்வதை வெஸ்ட்மோர் பொறுக்கவில்லை; யுனிவர்சலில் பேட்ரிக்குக்கு வேலை நின்றுபோனது. 2019இல் அவரைப் பற்றி மல்லரி ஓமியரா எழுதிய நூல் வந்த பிறகே அவர் பெயர் பரவலாகத் தெரிந்தது.

இனி செவுள் மனிதனை வரைகிறவர்கள், தங்கள் கையொப்பத்துக்குப் பக்கத்தில் மிலிசென்ட் பேட்ரிக்கின் பெயரையும் எழுத வேண்டும்.