பைண்ட்... சார்லி பைண்ட்

1964-இல் வந்த 'கேரி ஆன் ஸ்பையிங்' படத்தில் சார்ல்ஸ் ஹாட்ரி ஏற்ற உளவாளிக்கு முதலில் வைத்த பெயர் ஜேம்ஸ் பைண்ட். பாண்ட் படத் தயாரிப்புத் தரப்பு முறுக்கிக்கொள்ளவே ஜேம்ஸ், சார்லி ஆனார். எண்ணும் போயிற்று: இரண்டு சுழிக்குப் பின் ஏழு கிடையாது, ஆளைக் கண்டதும் வாயில் வரும் ஒரு 'ஓ' மட்டும்தான். 'கோல்ட்ஃபிங்கர்' அப்போது திரைக்கு வந்திருக்கவில்லை. வந்த பாண்ட் படங்களே இரண்டுதான். பகடி முந்திக்கொண்டது. இந்தப் படத்தின் அழகும் கோளாறும் அந்த அவசரத்தில் பிறந்தவை.

கிண்டலடிக்க பாண்டிடம் இன்னும் சரக்கு சேராததால், இயக்குநர் ஜெரால்ட் தாமஸ் 1949-இன் 'தி தர்ட் மேன்' பக்கம் திரும்பினார். வியன்னா, கஃபே மொசார்ட், நீண்ட நிழல்கள். கேரி ஆன் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் பட வரிசை அதற்குள் வண்ணத்துக்கு வந்துவிட்டிருந்தும் இது கறுப்பு வெள்ளை. வரிசையில் கடைசிக் கறுப்பு வெள்ளையும் இதுவே. ஒளிப்பதிவாளர் ஆலன் ஹியூம் துளியும் சிரிக்காமல், நிஜமான துப்பறியும் படத்துக்குப் போல விளக்கு வைத்தார். சட்டகம் இறுக்கமாக இருப்பதால்தான் அதற்குள் கதையின் உளவாளிகள் நால்வரும் தடுமாறுவது சிரிப்பாகிறது. பின்னாளில், எண்பதுகளில், மூன்று பாண்ட் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவரும் இதே ஹியூம்தான். வில்லன் கூட்டத்துக் குண்டு மனிதராக வரும் எரிக் போல்மன், முந்தைய ஆண்டு பாண்ட் படத்தில் முகம் காட்டாத வில்லன் புளோஃபெல்டுக்குக் குரல் கொடுத்தவர். பகடிக்கும் அசலுக்கும் நடுவே அவ்வளவு மெல்லிய சுவர்.

ஒளிப்பதிவின் அந்தக் கட்டுப்பாடு எழுத்தில் இல்லை. டால்பட் ராத்வெல்லும் சிட் காலினும் வில்லன் அமைப்புக்கு வைத்த பெயர் ஸ்டெஞ்ச், அதாவது துர்நாற்றம். பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு பாஷ், அதாவது வெறும் பிதற்றல். ஒருமுறை சிரிக்கலாம். நால்வரில் ஒருவரான கென்னத் வில்லியம்ஸ் மூக்கால் இழுத்துப் பேசும் குரலும் அப்படியே: முதல் கால்மணி நேரம் அமர்க்களம், பிறகு காது வலி. எனக்கு அவரைப் பிடிக்கும், அதனாலேயே சொல்கிறேன். படத்தைத் தாங்குவது அவரல்ல, இந்த வரிசைக்குப் புதிதாக வந்த பார்பரா விண்ட்சர். அவர் ஏற்ற டாஃப்னி, பார்த்ததை அப்படியே மனத்தில் பதிக்கும் பெண். நால்வரும் மீட்கப் போன ரகசியச் சூத்திரத்தின் காகிதங்களை அழிக்க நேர்ந்தபோது அது மிஞ்சுவது அவள் தலைக்குள்தான். ஆண்கள் மூவரும் உளற, வேலை அவளிடம் வந்து சேர்கிறது. ஆனாலும் கேமராவுக்கு அவள் மூளையைவிட உடம்பின் மேல்தான் கண்.

வியன்னாவுக்குப் பின் கதை போய்ச் சேரும் அல்ஜியர்ஸ் காட்சிகளை மன்னிப்பது கடினம். ஏறத்தாழ எட்டாண்டுப் போர் நடத்தி 1962-இல் விடுதலை பெற்ற நாட்டின் தலைநகரம் அது. படத்துக்கோ அது முக்காடும் இடுப்பாட்டமும் விற்கும் சந்தை. வியன்னாவைக் கிண்டலடிக்க ஒரு நல்ல படத்தை ஊன்றிப் பார்த்தவர்கள், அல்ஜியர்ஸுக்குப் பழைய அரபுக்கதை அட்டைப்படத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கூர்மையான கிண்டல் கடைசியில் இருக்கிறது. ஊர் ஊராக அலைந்து, வில்லி டாக்டர் குரோவின் பாதாளக் கோட்டையில் சிக்கி, ஒருவழியாக மின்தூக்கி ஏறித் தப்புகிறார்கள் நால்வரும். கதவு திறந்தால் லண்டனில் தங்கள் மேலதிகாரியின் அறை. எதிரிக் கூட்டம் இத்தனை நாளும் இவர்கள் காலடியில்தான் குடியிருந்திருக்கிறது. பிரிட்டிஷ் உளவுத்துறையில் உயர்ந்த பொறுப்புகளை வகித்த கிம் ஃபில்பி, 1963 ஜனவரியில் பெய்ரூட்டிலிருந்து சோவியத் பக்கம் ஓடிப்போய், இந்தப் படம் வரும்போது ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.