ஒன்பது பூட்டும் கையால் கழலும்

கிட்ஸோ டிராவலர் ஜிடி1545டி கேமரா முக்காலி ஏறக்குறைய ஒரு கிலோ எடை. பத்துக் கிலோ தாங்கும். கால்களை மேல்நோக்கி மடித்தால் முதுகுப்பையின் பக்கவாட்டில் அடங்கிவிடும். முக்காலிக்குக் கார்பன் ஃபைபரை 1994-இல் கொண்டுவந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதும் படம் எடுக்கிறவர்கள் பலருக்குத் தெரிந்ததே. அதையெல்லாம் விலைப்பட்டியலுக்கே விட்டுவிடுகிறேன். பழவேற்காட்டுச் சேற்றிலும் மாமல்லபுரத்து அலையோரத்திலும் பல வாரங்கள் இதை நிறுத்திப் படம் எடுத்த பிறகு மனதில் நிற்பது ஒரே குணம்: இதன் கால் பூட்டுகளை எந்தக் கருவியும் இல்லாமல் நானே பிரித்து, கழுவி, மறுபடி பூட்ட முடிகிறது.

முக்காலி வாங்கப் போனால் உயரம் கேட்கிறோம், எடை கேட்கிறோம், எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்கிறோம். மூட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முக்காலியின் ஆயுள் முடிவதோ அங்கேதான். குழாய் உடைந்து வீணான முக்காலியைப் பார்ப்பது அரிது. பூட்டு இறுகிப்போய், அல்லது பிடிப்பு விட்டுப்போய், பரணில் கிடப்பவைதான் அதிகம்.

மணல் அலுமினியத்தைவிடக் கடினமானது. மரைக்குள் புகுந்துவிட்டால் ஒவ்வொரு திருகலுக்கும் அது மரையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். உப்புநீர் இன்னும் மோசம். நீர் உலர்ந்த பிறகும் உப்பு உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி நனைகிறது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அதை ஒட்டி அலுமினியமும் இரண்டையும் இணைக்க உப்புநீரும் இருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். பூட்டின் வளையத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். கடலோரத்தில் வாழும் நமக்கு இது தினசரிக் கவலை.

இதற்கு முன் நான் வைத்திருந்த முக்காலி வேறொரு நிறுவனத்துடையது. அதன் மூட்டைத் திறக்க வழியே இல்லை. உள்ளே மணல் நறநறத்தபோது, சர்வீஸ் மையத்தில் காலையே முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். இரண்டு சிட்டிகை மணலுக்கு ஒரு முழுக் கால். பொருளை வாங்கியவரே அதைச் சுத்தம் செய்ய முடியாதபடி வடிவமைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எடை குறைவு, விலை குறைவு என்று எத்தனை சமாதானம் சொன்னாலும் சரி.

கிட்ஸோவில் காலுக்கு மூன்றாக மொத்தம் ஒன்பது பூட்டுகள், எல்லாமே திருகு வகை. வளையத்தைத் தளர்த்தி, நிற்காமல் கடைசி வரை திருகினால் மரையை விட்டுக் கழன்று கீழே இறங்குகிறது. கீழ்க்குழாயை மெல்ல உருவலாம். அதன் மேல் நுனியில் இரண்டு அரைவட்ட பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். உட்புறத்துக் குமிழ்கள் குழாயின் துளைகளில் உட்கார்ந்திருக்கும். குழாய் தன் போக்கில் சுழலாமல் தடுப்பவை இவையே. உருவும்போது அவை தெறித்து விழக்கூடும், அதனால் விரித்த துணியின் மேல் வைத்துப் பிரியுங்கள். வளையத்துக்கு அருகில் இருப்பது சரிவான பிளாஸ்டிக் புஷ். வளையம் இறுகும்போது இது குழாயைக் கவ்விப் பிடிக்கிறது. ஒரு பூட்டில் இவ்வளவுதான் இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் பிரியுங்கள். மற்ற இரண்டும் முழுதாக இருந்தால் எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்ற சந்தேகத்துக்கு விடை கண்ணெதிரிலேயே நிற்கும். முதலில் உலர்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிட வேண்டும். ஈரமாக்கிவிட்டால் அது அப்பிக்கொள்ளும். பிறகு மிதமான சோப்பு நீர், கடைசியில் தாராளமாக நல்ல தண்ணீர். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் குடிநீரையே எடுங்கள். பெட்ரோல், தின்னர் இரண்டும் பிளாஸ்டிக்கையும் ஒட்டுப் பசையையும் கெடுக்கும், கிட்டே கொண்டுவர வேண்டாம். குழாய்களை நிமிர்த்தி வைத்து மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிட்டால் போதும்.

கிரீஸ் விஷயத்தில்தான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவு என்பார் ஒருவர், டபிள்யூடி-40 அடி என்பார் இன்னொருவர். எண்ணெய் வழிந்து குழாய்க்குள் இறங்கும், நாளாக ஆகப் பிசினாகும், தூசியைப் பிடித்து வைக்கும். டபிள்யூடி-40 இறுகிய நட்டைக் கழற்ற அருமையானது. ஆனால் இருக்கிற கிரீஸையும் அது கரைத்து இறக்கிவிடும். மூட்டுக்கு வேண்டியது கெட்டியான நல்ல கிரீஸ். ரப்பர் வளையம் இருக்கும் பூட்டுகளில் சிலிக்கான் கிரீஸ் பாதுகாப்பானது. அதையும் மரையில் மட்டும், விரல் நுனியில் எடுத்து மெல்லிய படலமாகத் தடவுங்கள். குழாயைக் கவ்வும் புஷ்ஷின் உட்புறத்திலோ குழாயின் மேலோ ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாது. அங்கே பிடித்து நிறுத்துவது உராய்வு. அதை வழுக்கலாக்கிவிட்டு மேலே கேமராவை வைப்பது ஆபத்து.

நெம்புகோல் பூட்டுகளை விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மான்ஃப்ரோட்டோவின் பழைய 055 போன்ற முக்காலிகளில் பிடி தளர்ந்தால் ஒரு திருப்பில் இறுக்கிக்கொள்ளலாம். பூட்டியிருக்கிறதா என்பது தொலைவிலிருந்தே தெரியும். ஆனால் கழுவுவதற்காகக் கழற்ற வேண்டியிருக்கும்போது கருவி தேடாத சுகம் நல்ல திருகுப் பூட்டில்தான் கிடைக்கிறது. மடித்திருக்கும்போது ஒரு காலின் மூன்று வளையங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஒரே பிடியில் மூன்றையும் தளர்த்தலாம் என்பது கூடுதல் வசதி.

தலைப்பகுதியில் கால்கள் விரியும் இடம் வேறு கதை. அந்த போல்ட்டுகளுக்குக் கருவி வேண்டும். காலைக் கிடைமட்டமாகத் தூக்கி விட்டால் தொப்பென்று விழாமல் தயங்கி இறங்க வேண்டும். அந்த அளவுக்கே இறுக்குங்கள். அதற்கு மேல் முறுக்கினால் விரிப்பதே வேலையாகிவிடும்.

கழுவும் வேலையைக் குறைக்க ஒரு பழக்கம் உதவும். பொதுவாகத் தடித்த குழாயைத்தான் முதலில் நீட்டச் சொல்வார்கள், அது சரி. தண்ணீரிலும் மணலிலும் மட்டும் இதை மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி மெல்லிய குழாயை முழுக்க நீட்டிவிட்டால் கீழ்ப்பூட்டு அலைக்கு மேலே நிற்கும். கொஞ்சம் அதிர்வு கூடினாலும் பூட்டு பிழைக்கும். திரும்பும்போது ஈரக்காலை அப்படியே உள்ளே தள்ளாதீர்கள். துடைத்த பிறகே மடியுங்கள். தள்ளினால் கடலை உள்ளே கூட்டிக்கொண்டு போகிறீர்கள்.

விலை கடுமையானது, இதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. வீட்டுக்குள்ளும் ஸ்டூடியோவிலும் மட்டும் படம் எடுப்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. கடலும் சேறும் மழையும் உங்கள் களம் என்றால் தயங்காமல் பரிந்துரைப்பேன். வேறு எந்த முக்காலி வாங்கினாலும் கடையில் ஒரு காரியம் செய்யுங்கள்: பணம் கொடுக்கும் முன் ஒரு காலைக் கழற்றிப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரரால் முடியவில்லை என்றால் நாளைக்கு உங்களாலும் முடியாது. அந்த முக்காலியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.