காலை வெயிலில் ஒரு இருட்டுப் போர்

2019-இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எட்டாம் சீசனின் மூன்றாம் எபிசோடில் ஒண்ணுமே தெரியலை என்று பலரும் புலம்பினார்கள். டிவியைச் சரியாக ட்யூன் செய்யத் தெரியாததுதான் பெரிய பிரச்சினை என்றார் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர். எனக்கு இது பாதிப் பதிலாகத்தான் படுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்க. எதிர்ச்சுவரின் பிரகாசம் 100 நிட் என்றால், பளபளப்பான திரை சுமார் 4 சதவீதத்தை, அதாவது 4 நிட்டைத் திருப்பி அனுப்பும். காட்சியில் முகம் 2 நிட், பின்னணி 1 நிட் என்று வையுங்கள். 2:1 என்ற வித்தியாசம் 6:5 ஆகிவிடும். முகம் கரைஞ்சு போச்சு! ட்யூனிங் அந்த 4 நிட்டை அழிக்காது. ஜன்னல் திரைச்சீலைதான் அழிக்கும்.

அமெரிக்காவில் இரவு 9 மணி என்றால் இந்தியாவில் காலை 6:30. ஹாலில் பார்க்கப்போகும் படத்தை எடுப்பவர், அந்த ஹாலின் வெளிச்சத்தையும் கணக்கில் எடுத்திருக்கணும்.