ஒட்டுக் குடித்தனமும் கழுகும்

புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’ (1937) கதையை ‘ஏழை எழுத்தாளன் கதை’ன்னு சொல்லி முடிச்சிடறாங்க. கடைக்காரன் பாக்கி, நண்பரிடம் கைமாத்து, எல்லாம் சரிதான். ஆனால் கடனுக்கு முன்னால் கதையில் வருவது வீடு. அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

இரண்டு அறை காலி என்ற போர்டை நம்பி முருகதாசர் சென்னையில் குடியேறுகிறார். அறைகள் இருக்கு, ஆனால் ஒன்றோடொன்று சேராமல் தள்ளித் தள்ளி. குடிவருகிறவர்களைத் திருக்கழுக்குன்றத்துக் கழுகென்று வீட்டுக்காரன் நினைத்தானோ என்கிற கேலி இன்றைய வாசகருக்குப் பிடிபடாமல் போகலாம். அந்தக் கழுகுகள் ஒரு தலத்தில் நீராடி, கழுக்குன்றத்தில் உண்டு, இன்னொரு தலத்தில் அடையும் என்பது ஐதீகம். ஆக, வீடு சின்னது என்பதல்ல புகார். சிதறிக் கிடக்கிறது என்பதே.

நெல்லைக்காரருக்கு இது சட்டென்று உறைக்கும். எங்க பக்கத்து வளவில் கிணறும் முற்றமும் பொது. அடுக்களை மட்டும் அவரவர் வீட்டோடு ஒட்டியே இருக்கும். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் 1931-இல் பி.ஏ. முடித்துப் பிறகு சென்னை போனவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமலா இருந்திருக்கும்?

குறையும் சொல்லணும். கேலி முழுக்க முருகதாசர் பக்கமிருந்தே வருகிறது. அறைக்கும் அடுக்களைக்குமாக நாள் பூரா நடக்க வேண்டியவள் கமலம். கழுகுக்காவது சிறகு உண்டு. அவளுக்கு அந்த நாள் எப்படிக் கழிந்தது என்று கதை கேட்கவில்லை.