காலத்தின் பாரம்: இந்தியாவின் உட்கட்டமைப்பு நிதிக் கம்பனிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பாதை, பாலம், மின்னிலையம், நீர்வழங்கல் ஆகியன இன்றி ஒரு நாட்டின் பொருளாதாரம் வளர்ச்சியடைய முடியாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. அவற்றை அரசு கட்டுவதா, தனியார் கட்டுவதா என்பதே நெடுங்காலமாக விவாதத்துக்குரியதாக இருந்து வந்துள்ளது. இவ்விவாதத்தின் ஆரவாரத்தில் அடிப்படையான வினாவொன்று மறைந்துவிடுகின்றது. கட்டுவதற்கான பணம் யாருடையது? அது எத்தனை ஆண்டுகள் திரும்பி வராமற் காத்திருக்க வல்லது?

ஒரு பாலத்தைக் கட்டி முடிக்கும் வரையிலான ஆண்டுகளில் செலவு மட்டுமே உண்டு. வருமானம் ஒரு சதமும் இல்லை. பின்னர் இருபது, முப்பது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகவே இட்ட பணம் திரும்புகின்றது. மறுபுறத்தில், நாட்டின் சேமிப்பாளர் தம் பணத்தை ஓராண்டுக்கோ மூன்றாண்டுகளுக்கோதான் வங்கியில் வைப்புச் செய்கின்றனர். ஓராண்டு வைப்பைக் கொண்டு இருபதாண்டுக் கடன் கொடுக்கும் வங்கி, தன் காலடியிலேயே குழி தோண்டிக்கொள்கின்றது. இவ்விரு காலங்களுக்கும் இடையிலான இடைவெளியை நிரப்புவதற்கென்றே சிறப்பு நிதிக் கம்பனிகள் தோற்றுவிக்கப்பட்டன. அவை அவ்விடைவெளியை உண்மையிலேயே நிரப்பினவா, அன்றி அதைக் கண்ணுக்குத் தெரியாதவாறு மூடி வைத்தனவா என்பதே இங்கு ஆராயப்படுகின்றது. அரசுடைமை, கலப்புடைமை, தனியுடைமை ஆகிய பலவகை அமைப்புகளையும் பரிசோதித்த நாடு என்ற வகையில் இந்தியா இவ்வாய்வுக்குத் தக்க களமாகும்.

தோற்றமும் நியாயமும்

சுதந்திர இந்தியா நீண்டகாலக் கடனுக்கெனத் தனி நிறுவனங்களை அமைப்பதில் தாமதம் காட்டவில்லை. 1948இல் கைத்தொழில் நிதிக் கூட்டுத்தாபனமும், 1955இல் ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனமும், 1964இல் கைத்தொழில் அபிவிருத்தி வங்கியும் எழுந்தன. இவை பிரதானமாகக் கைத்தொழிலுக்கே கடன் வழங்கின. உட்கட்டமைப்புக்கென, 1969இல் கிராமிய மின்மயமாக்கற் கூட்டுத்தாபனமும், 1986இல் மின்சக்தி நிதிக் கூட்டுத்தாபனமும் இந்திய ரயில்வே நிதிக் கூட்டுத்தாபனமும் தோன்றின. 1987இல் ‘உட்கட்டமைப்புக் குத்தகை, நிதிச் சேவைகள்’ என்னும் பொருள்படும் பெயருடன் ஐ.எல்.எவ்.எஸ். கம்பனி உருவாயிற்று. உட்கட்டமைப்பின் வணிகமயமாக்கம் பற்றி ஆராய்ந்த ராகேஷ் மோகன் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 1997இல் ஐ.டி.எவ்.சி. நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. 2010இல் ரிசேவ் வங்கி இத்தகைய கம்பனிகளைத் தனியொரு வகுப்பாகவே அங்கீகரித்தது. சொத்துக்களில் 75 சதவீதத்தையேனும் உட்கட்டமைப்புக் கடன்களில் இட்டிருக்க வேண்டும் என்பது அவற்றுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்றாகும்.

இக்கம்பனிகளுக்கு ஆதரவாக இரு நியாயங்கள் கூறப்பட்டன. பாலம் ஒன்றின் வருமானத்தையும் ஆபத்தையும் மதிப்பிடத் தக்க துறைசார் அறிவு சாதாரண வங்கியிடம் இல்லை; அது இவற்றிடம் உண்டு என்பது ஒன்று. காப்புறுதி நிதியம், ஓய்வூதிய நிதியம், முறிச்சந்தை ஆகியவற்றிலிருந்து நீண்டகாலப் பணத்தை இவை திரட்ட வல்லன என்பது மற்றொன்று. இவ்விரண்டில் முன்னதைப் பற்றியே அதிகம் பேசப்பட்டது. ஆயின் பின்னதே உயிர்நாடியானது. பழைய அபிவிருத்தி நிறுவனங்களின் பலம் அவற்றின் அறிவில் மட்டுமன்று, ரிசேவ் வங்கியின் நீண்டகால நிதியத்திலிருந்தும் அரசின் உத்தரவாதத்திலிருந்தும் கிடைத்த மலிவான பணத்திலும் தங்கியிருந்தது. 1990களில் பொருளாதாரம் தாராளமயமாக்கப்பட்டபோது அவ்வூற்று வற்றத் தொடங்கியது. அதன் விளைவாக, 2002இல் ஐ.சி.ஐ.சி.ஐ. தன் துணை வங்கியுடன் இணைந்தது. 2004இல் கைத்தொழில் அபிவிருத்தி வங்கியும் வர்த்தக வங்கியாயிற்று. நீண்டகாலக் கடனுக்கென அமைந்தவை குறுங்கால வைப்பை நாடி ஓடின. உட்கட்டமைப்பை விரைவுபடுத்த வேண்டும் என்ற கோரிக்கை உச்சத்தை எட்டிய காலத்திலேயே அதற்கான நீண்டகாலப் பணத்தின் ஊற்று அடைக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் (2012–2017) ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி அமெரிக்க டொலர் முதலீட்டை எதிர்பார்த்து, அதில் பாதியளவைத் தனியார் துறையின் தோளில் ஏற்றியமை இப்பின்னணியிலேயே நோக்கப்படல் வேண்டும்.

ஒரு பாலத்தின் கணக்கு

துறைசார் அறிவு என்று போற்றப்பட்டது நடைமுறையில் எவ்வாறு தொழிற்பட்டது என்பதற்கு, தில்லியையும் நொய்டாவையும் யமுனை நதிக்கு மேலாக இணைக்கும் பாலம் தெளிவான உதாரணமாகும். ஐ.எல்.எவ்.எஸ். முன்னின்று அமைத்த கம்பனியொன்று 1997இல் ஒப்பந்தம் செய்து, ஏறத்தாழ 400 கோடி ரூபா செலவில் கட்டிய இப்பாலம் 2001இல் திறக்கப்பட்டது. கட்டுமானம் பற்றிக் குறைகூறுவதற்கு அதிகமில்லை. குறை ஒப்பந்தத்தின் கணக்கிலேயே இருந்தது.

ஆண்டுதோறும் மொத்தச் செலவின்மீது 20 சதவீத ஆதாயம் கம்பனிக்கு உரியது, ஓராண்டில் அறவிட்ட கட்டணம் அவ்வாதாயத்துக்குப் போதாவிடின், குறைந்த தொகை பாலத்தின் ‘செலவு’டனேயே சேர்க்கப்படும், அடுத்த ஆண்டு அதற்கும் 20 சதவீதம் உண்டு. முழுத்தொகையும் மீளப்பெறப்படும் வரை கட்டணம் அறவிடும் உரிமையும் நீளும். இவ்வாறு வளரும் நூறு ரூபா நான்காண்டுகளில் இருநூறைத் தாண்டிவிடும். ஆற்றுக்கு மேலே பாலம் பழையதாகிக்கொண்டிருக்க, கணக்கேட்டில் அதன் விலை ஏறிக்கொண்டேயிருந்தது. வண்டியோட்டிகள் எவ்வளவு செலுத்தினாலும் கடன் தீராத பாலம் அது.

2016 ஒக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கட்டண அறவீட்டை நிறுத்தியது. 2024 டிசெம்பரில் இந்திய உயர்ந்த நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்து, கேள்விப்பத்திரம் கோராமலே உரிமை வழங்கப்பட்டமையையும் கண்டித்தது. இங்கு அறிவுக்குக் குறைவிருந்ததாகக் கூறமுடியாது. மாறாக, மிக நுட்பமான அறிவே தொழிற்பட்டது. ஆயின் அவ்வறிவு ஆபத்தைக் குறைக்கப் பயன்படவில்லை. எதிர்பார்த்த வாகனங்கள் வராவிடின் ஏற்படும் நட்டத்தை முதலீட்டாளரிடமிருந்து பாதை பாவிப்போரின் மீது, அதுவும் இன்னும் பிறவாத தலைமுறையினர் மீது, மாற்றுவதற்கே அது பயன்பட்டது.

திருப்பூரின் தண்ணீர்

எனினும் இக்கம்பனிகளின் முயற்சி யாவும் சூழ்ச்சியே எனக் கொள்வது நேர்மையாகாது. திருப்பூர் நீர்வழங்கல் திட்டம் இதற்குச் சான்றாகும். பின்னலாடை ஏற்றுமதியால் பெருவளர்ச்சி கண்ட அந்நகரில் சாயப்பட்டறைகள் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லொறிகளில் வந்த நீரை விலைக்கு வாங்கி வந்தன. தமிழ்நாட்டு அரசு, ஐ.எல்.எவ்.எஸ்., ஏற்றுமதியாளர் சங்கம் ஆகியன கூடியமைத்த கம்பனி, ஏறத்தாழ 1,000 கோடி ரூபா செலவில், பவானிப் பகுதியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லீற்றர் நீரைக் கொண்டுவரும் திட்டத்தை 2005இல் இயக்கத் தொடங்கியது. ஆலைகள் கூடிய விலை கொடுக்கும். அதனால் வீடுகளுக்கும் வழியிலுள்ள கிராமங்களுக்கும் குறைந்த விலையில் நீர் கிடைக்கும் என்பதே அதன் அடிப்படை. சமூக நோக்கும் வணிக நோக்கும் இணைந்த அழகிய ஏற்பாடு அது.

ஆயின் ஆலைகள் பயன்படுத்திய நீர் எங்கே போகும் என்ற வினா நிதிக் கணக்கில் உரிய இடம் பெறவில்லை. சாயக்கழிவு நொய்யல் ஆற்றை நஞ்சாக்கியது. ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு கட்டளையிட்டது. கூடிய விலை கொடுத்து வந்த வாடிக்கையாளர் ஒரே நாளில் மறைந்தனர். கம்பனியின் வருமானமும் அவர்களோடு சரிந்தது. நீர்க்குழாயை மதிப்பிட்ட கணக்கு, ஆற்றை மதிப்பிடத் தவறியது. உட்கட்டமைப்பு என்பது தனித்து நிற்கும் பண்டமன்று, அது நிலம், நீர், உழைப்பு, நீதி ஆகியவற்றோடு பிணைந்தது. அதன் வருமானத்தை முப்பதாண்டுகளுக்கு முன்கூட்டியே துல்லியமாகக் கணிக்கலாம் என்ற நம்பிக்கையே இங்கு உடைந்தது.

2018இன் வீழ்ச்சி

இத்தகைய நிச்சயமின்மையைத் தாங்க வேண்டுமாயின் கடன் கொடுப்பவரின் பணம் பொறுமையுள்ளதாக இருத்தல் வேண்டும். ஐ.எல்.எவ்.எஸ். திரட்டிய பணத்திலோ கணிசமான பகுதி சில மாதங்களில் முதிர்வடையும் வர்த்தகப் பத்திரங்களாகவும் குறுங்கால வைப்புகளாகவுமே இருந்தது. பழைய கடனை அடைக்கப் புதிய கடன், அதனை அடைக்க இன்னொன்று எனச் சக்கரம் சுழன்றது. இடைவெளியை நிரப்பப் பிறந்த கம்பனி, வங்கிகளைவிட ஆழமான இடைவெளியைத் தன்னுள்ளேயே சுமந்தது.

2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து அச்சக்கரம் தடைப்பட்டது. 300க்கும் மேற்பட்ட துணைக் கம்பனிகளும் 90,000 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட கடனும் கொண்ட அக்குழுமத்தின் இயக்குநர் சபையை ஒக்டோபர் 1ஆம் திகதி மத்திய அரசு நீக்கிப் புதிய சபையை நியமித்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு வரை, தர மதிப்பீட்டு நிறுவனங்கள் அதன் கடன் பத்திரங்களுக்கு அதியுயர் தரத்தையே வழங்கியிருந்தன. அத்தரத்தை நம்பி முதலிட்டவற்றுள் ஊழியர் சேமலாப நிதியங்களும் ஓய்வூதிய நிதியங்களும் அடங்கும். குழுமத்தின் பெரும் பங்குதாரரோ, கோடிக்கணக்கானோரின் காப்புறுதிப் பணத்தைக் காக்கும் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம். ஏறத்தாழ நான்கிலொரு பங்கு அதனுடையது. இறுதியில் காலத்தின் பாரம் யார்மீது விழுந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தன் வாழ்நாட் சேமிப்பு எந்தச் சுரங்கப்பாதைக்குள் புதைந்தது என்பதை அறியாத தொழிலாளியே அதைச் சுமந்தார்.

நிலைத்து நின்றவை

இதே காலத்தில் சில சிறப்பு நிதிக் கம்பனிகள் தளர்வின்றி நின்றன. ரயில்வே நிதிக் கூட்டுத்தாபனம் சந்தையில் முறிகளை விற்று, அப்பணத்தில் எஞ்சின்களையும் பெட்டிகளையும் வாங்கி, இந்திய ரயில்வேக்குக் குத்தகைக்கு விடுகின்றது. அதன் வாடிக்கையாளர் அரசு. உரிமையாளரும் பெரும்பாலும் அரசே. ஆகவே குத்தகைப் பணம் தவறாமல் வந்து சேர்கின்றது. மின்சக்தி நிதிக் கூட்டுத்தாபனம் 2019இல் கிராமிய மின்மயமாக்கற் கூட்டுத்தாபனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்குமளவுக்கு வலிமை பெற்றிருந்தது. ஆயின் அவற்றிடம் கடன்பட்ட மாநில மின்விநியோகக் கம்பனிகளின் நிலை அவ்வாறிருக்கவில்லை. 2015இல் அறிவிக்கப்பட்ட மீட்புத் திட்டத்தின்கீழ் அவற்றின் கடனில் 75 சதவீதத்தை மாநில அரசுகள் ஏற்க வேண்டியதாயிற்று. எனவே இவற்றின் வெற்றிக்குக் காரணம் சந்தையின் ஆற்றலன்று. பின்னால் நின்ற பொதுக் கருவூலமேயாகும். 2021இல் இந்தியப் பாராளுமன்றம் சட்டமியற்றி, 20,000 கோடி ரூபா அரச மூலதனத்துடன் புதியதொரு தேசிய உட்கட்டமைப்பு நிதி வங்கியை அமைத்தமை, இவ்வுண்மையை அரசே ஒப்புக்கொண்டமைக்கு ஒப்பாகும். ஐ.டி.எவ்.சி. 2015இல் வர்த்தக வங்கியைத் தொடங்கி வேறுவழி சென்றுவிட்ட நிலையில், பழைய பாதைக்கே நாடு திரும்பியது.

அரசின் பின்பலம் எல்லா நோய்க்கும் மருந்தன்று என்பதும் கூறப்படல் வேண்டும். பொதுப்பணம் பின்னே உண்டு என்ற துணிவு, தகுதியற்ற திட்டங்களுக்கும் அரசியல் விருப்பங்களுக்கும் கதவு திறக்கும். அரசு வங்கிகள் உட்கட்டமைப்புக்கு வாரி வழங்கிய கடன்கள் பின்னர் வராக்கடன்களாகக் குவிந்தமை இதற்குச் சான்று. வேறுபாடு ஒன்றுதான். அரசு சுமக்கும் பாரம் வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாகத் தோன்றி, பாராளுமன்றத்தின் வினாவுக்கு உட்படக்கூடியது. 300 துணைக் கம்பனிகளுக்குள் ஒளிந்த பாரமோ, வெடிக்கும் நாள்வரை எவர் வினாவுக்கும் உட்படுவதில்லை.

முடிவுரை

சிறப்பு நிதிக் கம்பனி என்பது காலத்தை ஒழிக்கும் மந்திரமன்று. பாலத்துக்கு முப்பதாண்டுகள் வேண்டுமாயின், யாரோ ஒருவரின் பணம் முப்பதாண்டுகள் காத்திருந்தே தீரவேண்டும். கம்பனி செய்யக்கூடியதெல்லாம் அவ்வொருவர் யாரெனத் தீர்மானிப்பதே. அத்தீர்மானம் மறைவில் எடுக்கப்படுமாயின், பேரம்பேச வலிமையற்றவரே தெரிவுசெய்யப்படுவர் என்பதை யமுனைப் பாலமும் சேமலாப நிதியங்களும் காட்டுகின்றன. இலங்கையிலும் 1955இல் தோன்றிய அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபனமும், 1979இல் தோன்றிய தேசிய அபிவிருத்தி வங்கியும் இன்று வர்த்தக வங்கிகளாகிவிட்டன. ஆகவே இவ்வினா அயல்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று.

இத்தகைய கம்பனியொன்று நாளை எங்கு அமைக்கப்படினும், அதன் நிபுணத்துவத்தையும் தரச் சான்றிதழையும் பார்த்து வியப்பதற்கு முன் கேட்கப்பட வேண்டியவை இரண்டே. காத்திருக்கப்போகும் பணம் யாருடையது? கணிப்புப் பொய்த்தால் இழப்பவர் யார் என்பது அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா? இவற்றுக்கு ஒப்பந்தத்திலேயே விடை இல்லாத பாலம் எத்துணை உறுதியாகக் கட்டப்பட்டாலும், அதன் அத்திவாரம் பிறர் சேமிப்பின் மீதே போடப்பட்டதாகும்.