யார் பறக்கிறார் என்று தெரியாத வானம்

நெல்வயலில் மருந்தடிக்கும் ட்ரோனை வரப்பில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பத்து லிட்டர் கலனைச் சுமந்துகொண்டு, பயிருக்குச் சற்று மேலே சீராகப் போய்த் திரும்பும். ஒரு ஏக்கர் முடியப் பத்து நிமிடம் போதும். முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, நஞ்சை மூச்சில் இழுத்தபடி சேற்றில் நடந்தவரின் உடம்புக்கு இது பெரிய விடுதலை. பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று 2014 அக்டோபரில் வந்த அறிவிப்பு, அந்த விடுதலையை நான்கு ஆண்டுகள் பூட்டி வைத்தது.

2018-இல் பெயரளவில் தளர்ந்த அந்தப் பூட்டை, 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள் உண்மையாகவே திறந்தன. படிவங்கள் 25-லிருந்து 5 ஆகின. கட்டண வகைகள் 72-லிருந்து 4 ஆகின. விமான நிலையத்தைச் சுற்றி 45 கிலோமீட்டர் வரை பரந்திருந்த, முன் அனுமதி வேண்டிய மஞ்சள் மண்டலம் 12 கிலோமீட்டராகச் சுருங்கியது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதியே வேண்டாம். குடிமகனை நம்பி எழுதிய சட்டம் இது. நம் நாட்டில் அபூர்வம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அனுமதி வேண்டாம் என்றான பிறகு, பச்சை மண்டலத்தில் யார் பறக்கிறார் என்ற தகவலும் யாரிடமும் சேர்வதில்லை. வயலில் ஒருவர் மருந்தடிக்க, பக்கத்துக் கோயிலில் இன்னொருவர் தேரோட்டத்தைப் படம்பிடிக்கலாம். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. தாழப் பறந்து வரும் ஹெலிகாப்டருக்கும் தெரியாது. ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி அடையாள எண் தருகிறார்கள், சரி. 400 அடி உயரத்தில் அதை யார் வாசிப்பது?

இருக்குமிடத்தை உடனுக்குடன் சொல்லும் கருவி, எல்லை தாண்டவிடாத மென்பொருள் வேலி, அனுமதி இல்லாவிட்டால் மேலெழும்பாத ஏற்பாடு ஆகிய மூன்றையும் பின்னொரு நாள் அறிவிப்போம் என்று விதி ஒத்திப்போட்டது. ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் தாக்குதல் நடந்து இரண்டே மாதம் ஆகியிருந்த நேரம் அது. அனுமதி ஏற்பாட்டைத் தள்ளிவைத்ததில் நியாயம் உண்டு. அது தொழிலை நெரித்திருக்கும். இருப்பிடக் கருவி யாரையும் தடுப்பதில்லையே. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் பிழை என்பேன்.

அதே ஆண்டு அக்டோபரில் ட்ரோன் போக்குவரத்து மேலாண்மைக்கான கொள்கையும் வந்தது. வாய்மொழியில் விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டு அறையால் ஆயிரக்கணக்கான ட்ரோன்களைக் கவனிக்க முடியாது, அந்த வேலையை மென்பொருள் செய்ய வேண்டும் என்ற அதன் கணிப்பு மிகச் சரி. ஆனால் இருப்பிடமே தெரியாத ட்ரோனை எந்த மென்பொருள் வழிநடத்தும்?

தலைவர்கள் வருகையின்போது 96 மணி நேரம் வரை ஒரு பகுதியைப் பறக்கத் தடையுள்ள தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க, காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதுவும் தேவைதான். பறக்கவிடும் முன் மண்டல வரைபடத்தைப் பார்ப்பது ஓட்டுபவரின் கடமை என்பதும் சரி. ஆனால் 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கத் திட்டமிட்ட அரசு, தடை வந்ததும் அந்தப் பெண்களின் கைபேசி தானே ஒலிக்கும்படி செய்திருக்க வேண்டும். விடியற்காலையில் மருந்தைக் கலக்கிக் கலனில் ஊற்றிவிட்ட பிறகு தடை தெரியவந்தால், அந்தப் பத்து லிட்டரை அவர்கள் எங்கே கொட்டுவார்கள்?