இடுப்பிலிருந்து ஒரு கைப்பிடி எலும்பு

விபத்தில் நொறுங்கிய முதுகெலும்பை டைட்டானியத் திருகும் கம்பியும் காலமெல்லாம் தாங்கும் என்றே பலரும் நினைக்கிறோம். அவை வெறும் சாரம். முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டாவிட்டால் கம்பி தளரும், சில சமயம் முறிந்தும் போகும். ஒட்டவைப்பது இடையில் வைக்கும் எலும்புத் துணுக்குகள்.

1911இல் அமெரிக்காவில் ஃபிரெட் ஆல்பீ, காசநோய் அரித்த முதுகுகளில் நோயாளியின் கணைக்கால் எலும்புத் துண்டையே பதித்தார். பிறகு இடுப்பெலும்பின் மேல்விளிம்பு அந்த இடத்தைப் பிடித்தது. சிவந்து, ஈரமாக, நுண்துளைகள் நிறைந்த அதன் உட்பகுதியில் உயிருள்ள செல்கள் உண்டு. உடல் அதை மெல்லக் கரைத்து, மாதக்கணக்கில் புது எலும்பாகக் கட்டுகிறது. என்ன சாமர்த்தியம்!

ஆனால் எலும்பை எடுத்த இடம் வலிக்கும். சிலருக்கு முதுகைவிட அதிகமாகவே. அதனால்தான் தான எலும்பு, பவளத்திலிருந்து செய்த துகள், எலும்பு வளரத் தூண்டுவதாக 2002இல் அமெரிக்கா அனுமதித்த பி.எம்.பி. புரதம் எல்லாம் வந்தன. எது வந்தாலும் மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது இடுப்பெலும்போடுதான்.